கால்மாட்டில் எழுதிய பெயர்

1

லண்டன் குரொய்டனில் நான் மதியச் சாப்பாட்டை, செத்துப்போன ஒரு பெண்ணின் பெயரில் சாய்ந்துகொண்டுதான் சாப்பிடுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. நான் பஸ் ஓட்டுகிறவன். என்னுடைய பஸ் திரும்பும் இடத்தில் ஒரு சின்னப் பூங்கா. அதில் இருந்து இளைப்பாற ஒரு மரவாங்கு. சாய்மானத்தில் பித்தளைத் தகடு ஒன்று பதித்து, டொறிஸ் என்பவரின் நினைவாக, இந்த இடத்தை அவர் மிகவும் விரும்பினார் என்று எழுதியிருக்கிறார்கள். இந்த நாட்டில் இது வழக்கம். தாயோ தகப்பனோ போய்விட்டால் பிள்ளைகள் பணம் கட்டி ஒரு வாங்கு போட்டுவிடுவார்கள்.

டொறிஸ் எதை விரும்பினார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வாங்கில் இருந்து பார்த்தால் தெரிவது ஒரு டயர்க் கடையும், குப்பைத் தொட்டி மூன்றும்தான். ஒருவேளை அந்தக் காலத்தில் அங்கே வேறு ஏதாவது இருந்திருக்கும். ஆனால் வருஷக் கணக்காகச் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டு அவருடன் எனக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. தகட்டில் குழம்பு பட்டால் துடைத்துவிட்டுத்தான் எழும்புவேன்.

அம்மா இறந்தபிறகு நான் வேலைக்குத் திரும்பிய முதல்நாள் அந்த வாங்கில் இருந்து சாப்பிடும்போதுதான் எனக்கு அது உறைத்தது. முன்பின் தெரியாத டொறிசுக்கு உலகத்தில் ஓர் இடம் இருக்கிறது. என் அம்மாவுக்கு இல்லை. கொழும்பில், பொரளைக் கனத்தை மயானத்தில் எரித்தோம். சாம்பலை முகத்துவாரத்துக் கடலில் கரைத்தோம். அம்மா அக்காவுடன் இருந்த வெள்ளவத்தை ஃபிளாட் அத்தானின் பெயரில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடியை இடித்துக் கைத்தொலைபேசிக் கடை கட்டிவிட்டார்கள். சறோஜினிதேவி என்று எழுதிய ஒரு சுவரோ, கல்லோ, கதவோ எங்கும் கிடையாது. கரைத்துவிட்டு வருவதுதான் நமது முறை என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் மனது கேட்கவில்லை. அன்றைக்குப் பாதிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அழுதேன். பின்னேரம் பஸ்ஸில் ஏறிய ஒரு வெள்ளைக்காரக் கிழவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, சளிக் காய்ச்சலா, வீட்டுக்குப் போய்ப் படு என்றாள்.

2

அம்மாவுக்கு வந்தது புற்றுநோய். இந்தச் சொல்லை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் அதை ஒருவரும் வாயால் சொன்னதில்லை. வயிற்றில் புண் என்றுதான் அம்மாவுக்குச் சொன்னோம். சொந்தக்காரருக்கும் அதைத்தான் சொன்னோம். அக்காவும் நானும் தொலைபேசியில் தனியாகக் கதைக்கும்போதுகூட "அந்த வருத்தம்" என்றுதான் கதைத்தோம், அந்த வருத்தம் நாங்கள் கதைப்பதைக் கேட்டுவிடும் என்பதுபோல.

அக்கா வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருக்கிறாள். அந்த லிஃப்ட் வேலை செய்கிற நாட்கள் குறைவு. அம்மா நடக்க முடிகிறவரை அக்கா சமாளித்தாள். நடக்க முடியாமல் போனபிறகு இரண்டு பேரைப் பிடித்துக் கதிரையில் வைத்துத் தூக்கி இறக்கினாள். பிறகு நோவு கூடி அம்மா இரவும் பகலும் முனகத் தொடங்கினாள். டொக்டர்தான் இரத்மலானைப் பக்கம் ஒரு ஹொஸ்பிஸ் இருப்பதாகச் சொன்னார். இனிச் சுகப்படுத்த முடியாது என்று ஆனவர்களை நோவில்லாமல் வைத்துப் பார்க்கிற இடம்.

ஹொஸ்பிஸ் என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். பெற்ற தாயைக் கொண்டுபோய் மடத்தில் விட்டுவிட்டாள் என்றுதான் அக்காவைப் பற்றிக் கதைத்தார்கள். அம்மாவைப் பார்க்க ஒருநாளும் மூன்று மாடி ஏறாதவர்கள்கூட அப்படிக் கதைத்தார்கள்.  அக்கா அம்மாவிடம், வயிற்றுப் புண்ணுக்கு அங்கே ஒரு விசேஷ மருந்து கொடுக்கிறார்கள், கொஞ்சநாள் இருந்துவிட்டு வரலாம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள்.

நான் விடுமுறையில் வந்து அம்மாவுடன் வெள்ளவத்தையில் இருந்துவிட்டுத் திரும்பிய பிறகு நடந்தவை இவை. ஹொஸ்பிஸில் இருந்த அம்மாவை நான் கண்டது அக்காவின் தொலைபேசித் திரையில் மட்டும்தான். நன்றாகத்தான் பார்க்கிறார்கள் என்பாள் அம்மா. ஒரேயொரு குறைதான் சொன்னாள். கட்டில் தட்டையாகக் கிடக்கிறது, சாய்ந்து இருக்க முடியவில்லை என்றாள். அக்கா தலையணைகளை முதுகுக்குக் கீழே அடுக்குவாள். அவை ஒன்றொன்றாக வழுகும். தலைமாட்டை உயர்த்துகிற கைபிடி வைத்த கட்டில்கள் வாங்க இல்லத்திடம் வசதி இல்லை. அது நன்கொடையில் ஓடுகிற இடம்.

ஒருநாள் விடியப் போனாள் அம்மா. அக்கா பக்கத்தில் இருந்தாள். தொலைபேசியில் எனக்கு அவள் முதலில் சொன்னது அம்மா போய்விட்டாள் என்பதை அல்ல. "தம்பி, அம்மா ஒண்டும் தெரியாமத்தான் போனவா" என்றாள். எனக்கு அந்தச் சொல் பெரிய ஆறுதலாக இருந்தது. சாவு வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் நானும் அதையே சொன்னேன்.

3

அம்மாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கெட்ட செய்தியை மறைத்து வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. என்றென்றைக்கும் மறைக்க மாட்டாள். சாப்பிட்டுக் கை கழுவும் வரைக்கும்தான்.

கொட்டாஞ்சேனையில் எங்களிடம் தொலைபேசி கிடையாது. கீழே பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் இருந்தது. அழைப்பு வந்தால் அவர் படியடியில் நின்று கூப்பிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். அம்மாதான் இறங்கிப் போனாள். திரும்பி வந்து, தவறான அழைப்பு என்றாள். அப்பாவுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள். மோர் விட்டாள். எனக்கும் அக்காவுக்கும் அப்பளம் ஆளுக்குப் பாதி உடைத்துத் தந்தாள். அப்பா கை கழுவித் துடைத்து, கதிரையில் இருந்தபிறகு, அவர் முன்னால் நிலத்தில் இருந்து, "உங்கட அண்ணா காலமை போயிட்டாராம்" என்றாள்.

அப்பா கோபிப்பார் என்று நான் பயந்தேன். அவர் கோபிக்கவில்லை. நல்லகாலம் சாப்பிட்ட பிறகு சொன்னாய் என்றார். அந்த அரைமணித்தியாலம் முழுவதும் அம்மாவின் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கரண்டி பிடித்த கைகூட நடுங்கவில்லை. அப்பேர்ப்பட்டவளிடம் நாங்கள் இரண்டுபேரும் வயிற்றுப் புண் என்று நாடகம் ஆடியிருக்கிறோம்.

4

கட்டில் வாங்கிக் கொடுப்பது என்று தீர்மானித்தேன். அம்மா படுத்திருந்த வார்டில் ஆறு கட்டில்கள். ஆறையும் மாற்றிவிட வேண்டும்.

முதலில் மகள் ஆரணி இணையத்தில் ஒரு நிதிப் பக்கம் தொடங்கித் தந்தாள். பள்ளிக்கூட இறுதி வகுப்புப் படிக்கிறாள். கெட்டிக்காரி. பத்து நிமிஷத்தில் எழுதி முடித்துவிட்டாள். வாசித்துப் பார்த்தேன். என் அப்பம்மா தோட்டம் செய்வதில் பிரியமுள்ளவர், குடும்பத்தினர் சூழ அமைதியாகக் கண்மூடினார், அவருடைய வாழ்வைக் கொண்டாடுவோம் என்று ஆங்கிலத்தில் அழகாக இருந்தது. அம்மாவுக்கு ஏதடி தோட்டம் என்று கேட்டேன். வெள்ளவத்தை பல்கனியில் ஒரு சாடியில் கறிவேப்பிலை நின்றது, அவ்வளவுதான். சூழ இருந்தது அக்கா ஒருத்தி. செத்தவீட்டில் கொண்டாடுவதற்கு என்ன இருக்கிறது? எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் அப்பா என்றாள். சரி, உனக்குத் தெரிந்த அப்பம்மாவைப் பற்றி எழுது என்றேன். அவள் கணினியில் இரண்டு சொல் அடித்துவிட்டு அழித்தாள். அம்மாவை அவள் மூன்று தடவைதான் கண்டிருக்கிறாள். பிறகு, எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றாள். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ரசம், மோர், அப்பளம் என்று தொடங்கிவிட்டு நிறுத்திவிட்டேன். பக்கம் தோட்டத்தோடேயே போனது.

ஆரணியின் சிநேகிதிகளும் என்னோடு வேலை செய்கிற டிரைவர்மாரும் கொஞ்சம் போட்டார்கள். நம் ஆட்களிடமிருந்து வரவில்லை. தேவாலய மண்டபம் ஒன்றை எடுத்து அப்பம், றோல்ஸ், கொத்து எல்லாம் விற்றோம். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். கட்டில் என்றதும் ஆளாளுக்கு நழுவினார்கள். எனக்குச் சரியான எரிச்சல்.

என் மச்சான் சிறிதான் வழி காட்டினான். அவனுக்கு எங்கள் சனத்தின் நாடி தெரியும். "பேர் போடடா. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒருத்தற்ற பேர். பிறகு பார்" என்றான். எனக்கும் சரியென்று பட்டது. கோவிலில் மின்விசிறியின் இறக்கைகளிலேயே உபயகாரரின் பெயரை எழுதுகிற ஆட்கள் நாங்கள். கரண்ட் போனால்தான் வாசிக்கலாம், இருந்தாலும் எழுதுவோம். போதாததற்கு நானும் டொறிசின் வாங்கில் வருஷக் கணக்காக இருக்கிறவன். பெயர் எழுதிய இடத்தில் இன்னொருவர் சாய்ந்து இளைப்பாறுவது எவ்வளவு நல்ல விஷயம் என்று நினைத்தேன்.

சிறி சொன்னது நடந்தது. ஐந்து குடும்பங்கள் ஐந்து கட்டில்களை எடுத்துக்கொண்டன. ஒருவர் தகப்பனுக்கு, ஒரு பெண் புருஷனுக்கு, இன்னொருவர் அகாலத்தில் போன தம்பிக்கு. ஆறாவது அம்மாவுக்கு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சாவி வெட்டுகிற கடையில் தகடுகள் செய்வித்தேன். அந்தக் கடைக்காரன் வழமையாக நாய்களுக்குக் கழுத்துப் பட்டிப் பெயர் வெட்டுகிறவன். தமிழ் எழுத்தைக் கண்டு பயந்துவிட்டான். பக்கத்தில் நின்று, இது கொம்பு, இது கால் என்று காட்டிக் காட்டி வெட்டுவித்தேன். "அமரர் திருமதி சறோஜினிதேவி ஞாபகார்த்தமாக" என்று பித்தளையில் அம்மாவின் பெயர் மினுங்கியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? தகட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்று பஸ் ஓட்டினேன்.

பணத்தை அனுப்பும்போது வங்கி மறித்துவிட்டது. இலங்கைக்கு ஏன் இவ்வளவு, யாருக்கு, நிரூபி. நான் தகடுகளின் பெயர் விபரத்தை ஆங்கில எழுத்தில் அனுப்பி வைத்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு பெண் மிக மரியாதையாக அழைத்தாள். இந்த ஆறு பேரும் அமரர் என்ற ஒரே குடும்பத்தவர்களா, இவர்களின் அடையாள அட்டைகளை அனுப்ப முடியுமா என்று கேட்டாள். மேடம், அது குடும்பப் பெயரில்லை, ஆறு பேரும் செத்துப்போனவர்கள் என்றேன்.  அப்படியென்றால் தன் மேலதிகாரியிடம் கதைக்க வேண்டும் என்றாள். இதைச் சொல்லிச் சொல்லி நானும் சிறியும் சிரித்தோம். பிறகு எப்படியோ காசு போய்ச் சேர்ந்தது.

அக்காவிடம் தகடு பற்றிச் சொன்னபோது மட்டும் அவள் சந்தோஷப்படவில்லை. "பேர் போடுறதெண்டா வாசல் சுவரில போடு. கட்டிலில வேண்டாம், தம்பி" என்றாள். ஏன் என்றேன். சொல்லவில்லை. தாயை எங்கே சாக விட்டாள் என்று ஊருக்குத் திரும்பவும் ஞாபகம் வந்துவிடும் என்று பயப்படுகிறாள் என நானே நினைத்துக்கொண்டேன். ஐந்து குடும்பத்துக்கும் சொல்லியாகிவிட்டது, இனி மாற்ற ஏலாது என்று தகடுகளைத் தபாலில் அனுப்பி வைத்தேன்.

5

இரண்டாவது திவசத்துக்குக் கொழும்புக்கு வந்தேன். திவசம் முடிந்த மறுநாள் அக்காவும் நானும் இரத்மலானைக்கு ஆட்டோவில் போனோம். டிரைவர் என்னிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டான். எனக்கு விளங்கவில்லை, ஆங்கிலத்தில் "சொறி" என்றேன். அக்கா பதில் சொன்னாள். கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன் நான். சிங்களத்தில் கிரிக்கெட் சண்டை பிடித்தவன். சொற்கள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை.

ஹொஸ்பிஸ் நான் நினைத்ததைவிடச் சின்னது. பழைய வீடு ஒன்றைத் திருத்தி எடுத்திருக்கிறார்கள். இல்லத்துக்குப் பொறுப்பான பெரிய மிஸ் எங்களை வரவேற்றுப் பால் தேநீர் தந்தார். சிங்களப் பெண்மணி. உடைந்த தமிழில், கட்டில் மிச்சம் நல்லது, மிச்சம் நல்லது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பக்கத்துக்கு மூன்றாக ஆறு கட்டில்கள். ஆறிலும் ஆட்கள். தலைமாடு உயர்ந்து, முதுகு சாய்ந்து இருந்தார்கள்.  அம்மா இப்படி ஒருநாளாவது சாய்ந்து இருந்திருக்கலாம். பிறகுதான் தகடுகளைத் தேடினேன். ஒன்றையும் காணவில்லை. ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் முகம் துடைக்கிற ஒரு துவாயோ, சேலையோ தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. இவ்வளவு பாடுபட்டு வெட்டுவித்து அனுப்பினால், துணி காயப்போடுகிற கொடியாக்கி வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். ஐந்து குடும்பங்களுக்கும் படம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். முதலாவது கட்டிலின் துவாயை எடுத்து மடித்து ஓரமாக வைத்தேன். தகடு மினுங்கியது. படம் எடுத்தேன். அடுத்ததில் கிடந்த சேலையை எடுத்தேன்.

"எடுக்காத" என்றாள் அக்கா. நான் கேட்கவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, சேலையை வாங்கி மறுபடியும் அதே இடத்தில் தொங்கவிட்டாள். முதலாவது கட்டிலுக்கும் போய்த் துவாயை விரித்துப் போட்டாள். பிறகு என்னை வெளி விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சின்ன வயதில் அடி போடுவதற்கு முன்னால்தான் அப்படி இழுப்பாள்.

"நீ நிண்டு பார்க்கிறாய். அங்க படுத்துப் பார்" என்றாள்.

விளங்கவில்லை என்றேன். அவள் சொன்னாள். கால்மாட்டுத் தகடு அந்தக் கட்டிலில் இருப்பவருக்குத் தெரியாது. எதிரே படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். காலையில் கண் விழித்தால் தெரிவது அதுதான். நாள் முழுக்கத் தெரிவதும் அதுதான். எதிர்க் கட்டிலில் உயிரோடு ஒரு ஆள் சாய்ந்திருக்க, அவளின் காலடியில் அமரர் என்று எழுதியிருக்கிறது. தன்னுடைய காலடியிலும் அப்படித்தான் எழுதியிருக்கும் என்று யாருக்கும் விளங்கும்.

அம்மா இருந்த காலத்திலேயே அந்த வார்டில் அப்படி ஒரு தகடு இருந்ததாம். யாரோ முன்பு கொடுத்த பழைய கட்டில். அம்மாவுக்கு நேர் எதிரே. அம்மா தன்னுடைய துவாயை அந்தக் கட்டிலின் கால்மாட்டில் போடுவிப்பாள். அக்கா போகும்போதெல்லாம், மற்றவர்களின் கட்டிலில் ஏன் போடுகிறாய் என்று எடுத்து மடித்து அலுமாரிக்குள் வைப்பாள். அடுத்தநாள் போனால் துவாய் மறுபடியும் அங்கே கிடக்கும். மருந்தில் அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று அக்கா நினைத்தாள்.

"ஒருநாள் அவவுக்குத் தலை வாரிவிட எண்டு தலைமாட்டில ஏறி இருந்தன். அங்கயிருந்து பார்த்தாப் பிறகுதான் அந்த எழுத்து எனக்கு உறைச்சது" என்றாள் அக்கா. "எழும்பிப் போய்த் துவாயைப் போட்டன். திரும்பி வந்தன். அம்மா என்னைப் பார்த்தா. நான் அவவைப் பார்த்தன்.  வயித்துப் புண்ணுக்கு இண்டைக்கு எப்பிடி எண்டு கேட்டன். பரவாயில்லை எண்டா."

அப்படியென்றால் அம்மாவுக்கு எல்லாம் தெரியுமா என்றேன்.

"அம்மாக்குத் தெரியும், தம்பி. துவக்கத்தில இருந்தே தெரிஞ்சிருக்கும். நாங்கள் சங்கடப்படுவம் எண்டு எங்களுக்குக் காட்டேல்லை" என்றாள். "உனக்கு எப்பிடிச் சொல்லுறது? நீ இருக்கிறதே அந்த ஒரு ஆறுதலிலதான்."

அக்கா இரண்டு வருஷமாக அதைத் தனியாக வைத்திருந்திருக்கிறாள். நான் லண்டனிலிருந்து கட்டில், தகடு, படம் என்று நச்சரித்த நேரமெல்லாம் வைத்திருந்திருக்கிறாள். கோபிக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அம்மா தெரிந்துகொண்டுதான் போனாள். தெரிந்துகொண்டு, எங்களுக்காகத் தெரியாதவளாக இருந்தாள். எனக்கு அப்போது அம்மா இரண்டாம் தடவை செத்ததுபோல இருந்தது. இந்தத் தடவை நன்றாகவே செத்தாள்.

6

அன்று பின்னேரம் வெள்ளவத்தையில் இருந்து ஐந்து குடும்பங்களுக்கும் தொலைபேசியில் கதைத்தேன். தகடுகளைக் கழற்றி வாசல் சுவரில், நோயாளிகளுக்குத் தெரியாத பக்கமாகப் பதிக்கப்போகிறேன் என்று சொன்னேன். தம்பியை இழந்தவர், தான் அங்கே போனால் எந்தக் கட்டில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டுவிட்டுக் குரல் உடைந்தார். புருஷனை இழந்த பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கழற்றுங்கள், ஆனால் அவருக்குச் சொல்ல வேண்டாம் என்றாள். புருஷனுக்கா என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு இன்னமும் அவர் வீட்டில்தான் இருக்கிறார் போலும். தகப்பன் பெயரில் கொடுத்தவர் மட்டும் கடுமையாகக் கதைத்தார். பெயர் போடுவதாகச் சொல்லி வாங்கிவிட்டு இப்போது ஒளிக்கிறாய் என்றார். அவர் இன்றுவரை என்னுடன் கதைப்பதில்லை. அவரில் பிழையில்லை. வாக்குக் கொடுத்தது நான்தான்.

அம்மாவின் தகட்டை மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது. ஒரு கட்டில்தானே. துவாய் இருக்கிறதுதானே. அவ்வளவு ஆசை எனக்கு அந்தப் பெயரின் மேல். அக்காவிடம் கேட்கக்கூடத் துணிவில்லை.

மறுநாள் காலையில் காலி வீதியில் ஒரு இரும்புக் கடையில் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். பெரிய மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். கொடுப்பவர்களின் பெயரை வேண்டாமென்று சொல்ல எங்களுக்கு வாய் வராது மாத்தயா, நாளைக்குக் கொடுக்காமல் விட்டுவிடுவார்கள் என்றார். அதனால்தான் துவாய்களைப் பற்றி அவர்களும் ஒன்றும் கதைப்பதில்லை.

அம்மாவின் தகடு இருந்த கட்டிலில் சோமா என்ற சிங்களப் பெண் இருந்தாள். அவளுக்கு நேர் எதிரே திரேசம்மா. மட்டக்குளியில் இருந்து வந்தவள். எழும்ப முடியாது. பிள்ளைகள் அவளிடம், இடுப்பு நாரிப் பிடிப்புக்கு மசாஜ் பண்ணுகிற இடம் என்று சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். ஆறு பேரில் தமிழ் வாசிக்கத் தெரிந்த நான்கு பேரில் அவளும் ஒருத்தி. தன்னுடைய துவாயைச் சோமாவின் கால்மாட்டில் போடச் சொல்லித் தினமும் கேட்பவள் அவள்தானாம். திரேசம்மாவின் கால்மாட்டில் துணி விலகியிருந்த ஒருநாள், அங்கே தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று சோமா அவளிடம் கேட்டிருக்கிறாள். கட்டில் செய்த கொம்பனியின் பெயர் என்று திரேசம்மா சொல்லிவிட்டாள். இதை எனக்குச் சொல்லும்போது பெரிய மிஸ் கண்ணைத் துடைத்தார்.

மற்ற ஐந்தையும் கழற்றிவிட்டுத்தான் சோமாவின் கட்டிலுக்கு வந்தேன். துவாயை எடுக்காமல், அதற்குள் கையை விட்டு, தடவிப் பார்த்து ஆணிகளைத் திருகினேன். பித்தளை குளிர்ந்திருந்தது. கொம்பும் காலும் விரலில் தட்டுப்பட்டன. சோமா சிங்களத்தில், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். இது எனக்கு விளங்கியது. கொம்பனி பெயரை மாற்றிவிட்டது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். திரேசம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செய்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. சைகையால் பக்கத்தில் வரச் சொன்னாள். குனிந்தேன்.

"சறோஜினிதேவி நல்ல கொம்பனி தம்பி" என்றாள். "இந்தக் கட்டில்ல வந்த பொறகு முதுகு நோகவே இல்ல. அவங்களுக்குச் சொல்லிடுங்க."

சொல்கிறேன் அம்மா என்றேன்.